சின்ன பிக்கப்பில் பெரிய என்ஜின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பேருதான் பிக்கப், வண்டியில பிக்கப்பே இல்ல" என்ற புலம்பலில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. நான் என் கையால் இரண்டு வண்டிக்கு என்ஜின் மாற்றியிருக்கிறேன், நண்பர்களின் வண்டி நாலைந்துக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தபடி கூட நின்றிருக்கிறேன். அதிலிருந்து வாரம் ஒருவராவது போன் செய்து ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. சில பதில்கள் முந்தைய பதிலைக் கைகாட்டும் என்பதால் மேலிருந்து படிப்பது நல்லது.

பெரிய என்ஜின் போட்டா கூடுதல் லோடு ஏத்தலாம்ல?

ஏற்றக் கூடாது. ஒரு வண்டி எவ்வளவு சுமக்கும் என்பதை அதன் சேசிஸ், பின் ஆக்சில், ஸ்ப்ரிங் பட்டை, டயர், பிரேக் இவைதான் தீர்மானிக்கின்றன. என்ஜின் அந்தப் பட்டியலிலேயே இல்லை. சொல்லப்போனால் புது என்ஜின் பழையதைவிட 100 கிலோ கூடுதலாக இருந்தால், வண்டியின் மொத்த எடை வரம்புக்குள் நீங்கள் ஏற்றக்கூடிய சரக்கு அந்த 100 கிலோ குறைகிறது. அதே லோடோடு மேடு ஏறும்போது மூச்சு வாங்காமல் போகும், ஓவர்டேக் செய்ய தைரியம் வரும், அவ்வளவுதான் லாபம்.

இருக்கிற என்ஜினையே சரி பண்ணா போதாதா?

பாதிப் பேருக்குப் போதும், ஆனால் அதைக் கேட்க யாருக்கும் பிடிப்பதில்லை. முதலில் கம்ப்ரெஷன் பாருங்கள், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், அடைத்துப்போன சைலன்சர், வழுக்கும் கிளட்ச், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் எல்லாவற்றையும் பாருங்கள். அடுத்து டயர். 27 அங்குல டயர் வந்த வண்டிக்கு அழகுக்காக 31 அங்குலம் போட்டிருந்தால் கிட்டத்தட்ட 13 சதவீதம் இழுவையை நீங்களே கழற்றி எறிந்துவிட்டீர்கள். அதற்கு மருந்து என்ஜின் இல்லை. பழைய டயருக்குத் திரும்புங்கள், இல்லையென்றால் கிரவுன் பினியன் (பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) ரேஷியோவை மாற்றுங்கள், வேலையும் இரண்டே நாள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் மனசு கேட்கவில்லை என்றால் மேலே படியுங்கள். ஆசைக்குச் செய்கிறேன் என்று ஒத்துக்கொண்டு செய்பவர்கள்தான் பெரும்பாலும் முடிக்கிறார்கள் என்பது நான் பார்த்தது.

எந்த என்ஜின் போடலாம்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க.

சொந்தக்காரன். அதாவது உங்கள் வண்டியைச் செய்த கம்பெனியே அதே வண்டியிலோ, அதே சேசிஸில் செய்த இன்னொரு வண்டியிலோ போட்ட பெரிய என்ஜின். அப்படி ஒன்று கிடைத்தால் மவுண்ட், ரேடியேட்டர், குழாய், ஒயரிங் எல்லாம் ஏற்கெனவே ஒரு தொழிற்சாலை யோசித்து முடித்தது, நீங்கள் வாங்கிப் பூட்டினால் போதும்.

உலகம் முழுக்கப் பேர் வாங்கிய மாற்றங்கள் பலவும் இந்த வகைதான். பழைய டொயோட்டா பிக்கப்பில் 3.0 லிட்டர் வி-6 (3விஇசட்-இ) இருந்தால் அதற்குப் பதில் 3.4 லிட்டர் 5விஇசட்-எஃப்இ போடுவார்கள், கியர்பாக்ஸ் அப்படியே பொருந்திவிடும். ஃபோர்டு ரேஞ்சரில் 5.0 லிட்டர் வி-8 ஏற்றுபவர்கள் 1996 முதல் 2001 வரை வந்த எக்ஸ்ப்ளோரரைத் தேடுவார்கள். அந்த வண்டியில் இதே என்ஜின் கம்பெனியிலிருந்தே வந்தது, முன்பக்க பெல்ட், புல்லி அமைப்பும் நீளம் குறைவு, ரேஞ்சரின் மூக்குக்குள் அடங்கும். செவ்ரோலே எஸ்-10 கதை இன்னும் சுவாரசியம். அதில் வந்த 4.3 லிட்டர் வி-6 என்பது பிரபலமான 350 (5.7 லிட்டர்) வி-8-இல் இரண்டு சிலிண்டரை வெட்டி எடுத்தது போன்ற என்ஜின்தான். மவுண்ட் துளைகள், பெல் ஹவுசிங் (என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் கூடு) போல்ட் இரண்டும் ஒன்றே, வி-8 சுமார் 11 சென்டிமீட்டர் கூடுதல் நீளம். அந்த 11 சென்டிமீட்டருக்குத்தான் அத்தனை பேரும் ரேடியேட்டரோடும் ஃபேனோடும் மல்லுக்கட்டுகிறார்கள். 2.8 லிட்டர் வி-6 வந்த எஸ்-10 வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது, அதன் பெல் ஹவுசிங் வேறு.

டேப் வச்சு அளந்துட்டேன், பானெட்டுக்குள்ள இடம் தாராளமா இருக்கு. அப்புறம் என்ன?

மேலே அளந்திருப்பீர்கள். பிரச்சினை கீழே. சம்ப் (என்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) எங்கே இறங்குகிறது, முன்னாலா பின்னாலா, அது கிராஸ் மெம்பரில் உட்கார்கிறதா, ஸ்டீயரிங் ராடு அசையும்போது இடிக்கிறதா என்று பாருங்கள். அடுத்து பின்பக்கம். பழைய செவ்ரோலே வி-8-களில் டிஸ்ட்ரிபியூட்டர் என்ஜினின் பின்னால் இருக்கும், ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகடு) முட்டும். ஃபோர்டு 302-இல் (மேலே சொன்ன 5.0 லிட்டர்தான்) அது முன்னால். அப்புறம் எக்ஸ்ஹாஸ்ட் மேனிஃபோல்டும் ஸ்டீயரிங் ஷாஃப்டும். உங்கள் வண்டி வலப்பக்க ஸ்டீயரிங் என்றால், இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்காக எழுதிய குறிப்பையும் அதற்கென விற்கும் மேனிஃபோல்டையும் நம்பி இறங்காதீர்கள். அவர்களுக்கு எந்தப் பக்கம் காலியோ, உங்களுக்கு அந்தப் பக்கம்தான் ஷாஃப்ட் போகிறது.

கம்பெனிக்காரர்களே இதில் சிரமப்பட்டிருக்கிறார்கள். 1989-இல் வந்த ஷெல்பி டகோட்டாவில் 5.2 லிட்டர் வி-8-ஐத் திணித்தபோது, என்ஜினோடு சுற்றும் ஃபேனுக்கு இடமில்லாமல் எலக்ட்ரிக் ஃபேன் வைத்தார்கள். 1991-இல் சாதாரண டகோட்டாவுக்கு வி-8 கொடுக்க முடிவு செய்தபோது வண்டியின் முன்பகுதியையே நீட்டினார்கள். அவர்களிடம் அச்சு இருந்தது, நீட்டினார்கள். நம்மிடம் கிரைண்டர்தான் இருக்கிறது.

என் வழி: உள்ளே ஒன்றுமில்லாத காலி பிளாக்கில் சம்ப், ஹெட், மேனிஃபோல்டு மட்டும் பூட்டி, செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இறக்கிப் பார்ப்பது. மேலே களிமண் உருண்டை வைத்து பானெட்டை மெல்ல மூடித் திறந்தால், உருண்டை எவ்வளவு நசுங்கியதோ அதுதான் உங்கள் மிச்ச இடம். ஓடும்போது ரப்பர் மவுண்டில் என்ஜின் குலுங்கும், அதனால் எல்லாப் பக்கமும் 2 சென்டிமீட்டராவது விடுங்கள்.

சம்பை வெட்டி வெல்டு வச்சுக்கலாமா?

வைக்கலாம், நான் வைத்தேன், கெட்டேன். ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டினேன், கொள்ளளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஆயில் அலையாமல் தடுக்கும் தகடுகளைத் திரும்ப வைக்கவில்லை. சடன் பிரேக் போட்டால் ஆயில் முழுக்க முன்னால் ஓடி, உறிஞ்சும் குழாய் காற்றை இழுத்து, ஆயில் விளக்கு கண்ணடித்தது. பேரிங் போன பிறகுதான் காரணம் புரிந்தது.

தகடு வையுங்கள். உறிஞ்சும் குழாயின் வாய் சம்பின் அடியிலிருந்து 6 முதல் 10 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் ஆயில் வராது, ரொம்பக் கூடினால் காற்று வரும். வெல்டு முடிந்ததும் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி வைத்துக் கசிவு பாருங்கள். அதே என்ஜினுக்கு வேறு வண்டியில் வேறு வடிவ சம்ப் வந்திருந்தால் தேடிப் பிடித்து அதையே போடுங்கள், இந்தப் பதிலே தேவைப்படாது.

பழைய கியர்பாக்ஸையே வச்சுக்கலாமா? நல்லாத்தான் இருக்கு.

பொருந்துமா என்பது ஒரு கேள்வி, தாங்குமா என்பது இன்னொன்று. பொருந்துவதற்கு பெல் ஹவுசிங் போல்ட், கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்ளைன், ஃப்ளைவீலின் நடுவில் இருக்கும் பைலட் பேரிங், ஸ்டார்ட்டர் மோட்டார் நான்கும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் நடுவில் அடாப்டர் பிளேட். அதை லேத்தில் கடைந்து வாங்கலாம், ஆனால் என்ஜினின் மையமும் கியர்பாக்ஸின் மையமும் நேர்கோட்டில் இருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் 0.13 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கண்ணால் பார்த்து நேராக இருக்கிறது என்று பூட்டியவர்கள் சில மாதத்தில் இன்புட் பேரிங் இரைச்சலோடு திரும்பி வருவார்கள்.

தாங்குமா என்பதற்கு ஒரு பெருக்கல் போதும். 190 நியூட்டன் மீட்டர் முறுக்கு தரும் 2.4 லிட்டர் என்ஜின், முதல் கியர் 4-க்கு 1, கிரவுன் பினியன் 4.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் ஆக்சிலுக்குப் போவது சுமார் 3,100. அதே கியரில் 440 தரும் வி-8-ஐ வைத்தால் சுமார் 7,200. கியர்பாக்ஸ் பல்லுக்கோ, கிராஸுக்கோ (புரொப்பெல்லர் ஷாஃப்டை மடங்கவிடும் மூட்டு), ஆக்சிலுக்கோ இந்தக் கணக்கை யாரும் சொல்லி வைக்கவில்லை. மிதமான முறுக்கு உயர்வுக்கு, காலில் அடக்கம் இருந்தால், பழைய கியர்பாக்ஸ் ஓடும். இரண்டு மடங்கு என்றால் என்ஜினோடு சேர்த்தே அதன் கியர்பாக்ஸையும் வாங்கிவிடுங்கள், அடாப்டர் தலைவலியும் போகும்.

பின் ஆக்சிலும் மாத்தணுமா?

மேலே உள்ள 7,200 அங்கேதான் போய் முட்டுகிறது. எஸ்-10-இன் ஏழரை அங்குல கிரவுன் வீல் ஆக்சில் வி-8-க்குப் பின் பல் உதிர்வது பிரசித்தம். ரேஞ்சர்காரர்கள் ஏழரையைக் கழற்றி 8.8 அங்குலம் போடுவது கிட்டத்தட்டச் சடங்கு போல ஆகிவிட்டது. காலி வண்டியில் டயர் சுழன்று தப்பித்துக்கொள்ளும். லோடு இருக்கும்போது டயர் பிடித்துக்கொள்ளும், அப்போதுதான் உள்ளே உடையும்.

வலு ஒரு பக்கம், ரேஷியோ இன்னொரு பக்கம். சின்ன என்ஜினுக்காக வைத்த 4.1 பெரிய என்ஜினுக்கு வேண்டாத கத்தல். 67 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு, நேர் கியரில் 4.1 என்றால் என்ஜின் சுமார் 3,250 சுற்று ஓட வேண்டும், 3.42 என்றால் 2,700 போதும். இதற்கு மேல் ஒரு ஓவர்டிரைவ் கியரும் இருந்தால் 2,000 பக்கம் வந்துவிடும். டீசல் ஏற்றுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அந்த என்ஜின் மேலே சுற்றவே சுற்றாது.

ஒயரிங் பாத்தா பயமா இருக்கு.

பயப்படுவது சரிதான், என்ஜின் இறக்குவது ஒரு சனி ஞாயிறு வேலை, ஒயரிங்தான் மாதக்கணக்கு. இன்ஜெக்‌ஷன் என்ஜின் வாங்கும்போது ஒயரை வெட்டித் தருகிறேன் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். முழு ஒயரிங் கட்டு, இசியூ (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்), சென்சார்கள், இமொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) இருந்தால் அதன் சாவி, எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் அந்த ஆக்ஸிலேட்டர் பெடல், எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். முடிந்தால் அந்த என்ஜின் அந்த வண்டியிலேயே ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். இமொபிலைசர் சாவி இல்லாமல் வாங்கிவிட்டு, எல்லாம் பூட்டிய பிறகு இரண்டு நொடி ஓடி அணையும் என்ஜினோடு நான் மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள், இசியூ சாக்கெட்டையும் பிடுங்கிவிடுங்கள். எர்த் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்: என்ஜினிலிருந்து சேசிஸுக்கு ஒன்று, பேட்டரியிலிருந்து என்ஜினுக்கு ஒன்று, பாடிக்கு ஒன்று, எல்லாம் பெயின்ட் சுரண்டிய இடத்தில். புரியாத எலக்ட்ரிக்கல் கோளாறு என்று என்னிடம் வந்தவற்றில் பாதி எர்த்தில்தான் முடிந்தது.

ஆர்.பி.எம். மீட்டர் தப்பா காட்டுது, என்ஜின் பறக்குதுன்னு நினைச்சு பயந்துட்டேன்.

நான்கு சிலிண்டருக்கான மீட்டர் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வரும் என்று எண்ணுகிறது. எட்டு சிலிண்டர் நான்கு துடிப்பு அனுப்பும், அதனால் 1,000 சுற்றை 2,000 என்று காட்டும். ஆறு சிலிண்டர் என்றால் ஒன்றரை மடங்கு. சில மீட்டர்களின் பின்னால் மாற்றும் ஸ்விட்ச் இருக்கும், இல்லையென்றால் நடுவில் ஒரு மாற்றி போட வேண்டும். டெம்பரேச்சர், ஆயில் முள்ளுக்கு வழி சுலபம், பழைய என்ஜினின் சென்டரை (முள்ளுக்கு அளவை அனுப்பும் சின்ன சென்சார்) கழற்றிப் புது என்ஜினில் பூட்டுங்கள், முள் சரியாகப் பேசும். மரை வேறாக இருந்தால் லேத்தில் ஒரு சின்ன அடாப்டர். இசியூவுக்கான சென்சாரை மட்டும் தொடாதீர்கள்.

கார்புரேட்டர் வண்டி. டேங்க், பம்பு அதே போதும்ல?

போதாது. கார்புரேட்டருக்கு அரை பார் அழுத்தத்துக்குள் பெட்ரோல் வந்தால் போதும், இன்ஜெக்‌ஷனுக்கு 3 முதல் 4 பார் வேண்டும். அதாவது டேங்குக்குள் உட்காரும் பம்பு, அந்த அழுத்தம் தாங்கும் குழாய், பெரும்பாலும் திரும்பி வரும் லைன் ஒன்று. பழைய ரப்பர் குழாயையும் சாதா கிளிப்பையும் வைத்து ஓட்டிப் பார்ப்போம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள், அது சூடான மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் பீய்ச்சும் பெட்ரோல். முதல் ஸ்டார்ட்டின்போது பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும், அதைப் பிடித்துக்கொள்ள விளையாட்டில்லாத ஒரு ஆளும் இருக்கட்டும்.

பெட்ரோல் எடுத்துட்டு டீசல் போட்டேன். வண்டி நல்லா ஓடுது, பிரேக் மட்டும் கல்லு மாதிரி இருக்கே?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். பெட்ரோல் என்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகும், பிரேக் பூஸ்டர் அதில்தான் வாழ்கிறது. டீசலில் அதை நம்ப முடியாது, அதனால் டீசல் வண்டிகளில் தனி வேக்குவம் பம்பு இருக்கும், பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே. நீங்கள் பழைய பெட்ரோல் ஆல்டர்னேட்டரை மாட்டியிருப்பீர்கள், அல்லது பம்பு இருந்தும் அதன் குழாயை எங்கும் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள். சரி செய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

டவுன்ல மட்டும் ஹீட் ஆகுது, ஹைவேல ஆகல.

ஒரே வண்டி, ஒரே வேகம் என்றால் சின்ன என்ஜினானாலும் பெரியதானாலும் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் ஹைவேயில் பழைய ரேடியேட்டரே சமாளிக்கும். டவுனில் காற்றை ஃபேன்தான் இழுக்க வேண்டும். இடமில்லை என்று சின்ன எலக்ட்ரிக் ஃபேனை, சுற்றிக் கூடு எதுவும் இல்லாமல், ரேடியேட்டரில் ஒட்டி வைத்திருப்பீர்கள். அது தன் வட்டத்துக்கு முன்னால் மட்டுமே இழுக்கும். முழு ரேடியேட்டரையும் மூடும் கூடு போடுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் உள்ளே காற்று சிக்கியிருக்கும். ரேடியேட்டர் மூடி என்ஜினின் உச்சியைவிடத் தாழ்வாக இருந்தால் இது வரும், உயரத்தில் தனி டேங்க் வைத்து நிரப்ப வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். வகை வி-8-களில் ஹெட்டிலிருந்து நீராவி வெளியேற மெல்லிய குழாய் ஒன்று வரும். இது எதுக்கு என்று அடைத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

முன்பக்கம் தாழ்ந்துருச்சு. பிரேக்கும் மாத்தணுமா?

இரும்பு பிளாக் வி-8 ஒன்று சுமார் 260 கிலோ, நீங்கள் எடுத்த நாலு சிலிண்டர் என்ஜின் அதைவிட எவ்வளவோ இலகு. முன் ஸ்ப்ரிங் மாற்றத்தான் வேண்டும், மாற்றிய பிறகு அலைன்மென்ட். என்ஜினை எவ்வளவு பின்னால் தள்ளி, எவ்வளவு தாழ்வாக உட்கார வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

பிரேக்கில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 80-இல் போன வண்டி 110-இல் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முன்னால் பெரிய டிஸ்க்கும் கேலிப்பரும் வேண்டும், அதே குடும்பத்துப் பெரிய வண்டியிலிருந்து எடுத்தால் பொருந்த வாய்ப்பு அதிகம். பின் ஆக்சிலுக்கு மேலே லோடுக்கு ஏற்றபடி பிரேக்கைப் பிரிக்கும் வால்வு ஒன்று பல பிக்கப்களில் உண்டு. ஸ்ப்ரிங் உயரம் மாறினால் அதன் கணக்கும் மாறும், திரும்பச் சரிபாருங்கள்.

பேப்பர் வேலை உண்டா? யாருக்குத் தெரியப்போகுது?

விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரருக்குத் தெரியும். பதிவில் இருக்கும் என்ஜின் நம்பரும் வண்டியில் இருக்கும் நம்பரும் ஒத்துப்போகாவிட்டால் அது உங்கள் வண்டியே இல்லை என்று வாதிட முடியும். விதி இடத்துக்கு இடம் வேறு, சில இடங்களில் வண்டியைவிடப் பழைய என்ஜினை விடமாட்டார்கள், சில இடங்களில் எரிபொருள் வகை மாறவே கூடாது. என்ஜின் வாங்கும் முன் அனுமதி கேளுங்கள், வாங்கும்போது நம்பர் எழுதிய ரசீது வாங்குங்கள்.

மைலேஜ் எவ்வளவு குறையும்?

மிதித்தால் பாதியாகும். சும்மா ஓட்டினால், மேலே சொன்ன ரேஷியோவையும் மாற்றியிருந்தால், பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. எப்போதும் லோடோடு மூச்சுத்திணறி ஓடிய வண்டிக்குக் கொஞ்சம் கூடக்கூட வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த மிச்சத்தை வைத்துச் செலவை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

எல்லாம் முடிஞ்சுது, 70 தாண்டுனா வண்டி நடுங்குது. மெக்கானிக் என்ஜின் மவுண்ட்ங்கிறாரு.

நடுக்கம் வரும் வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி உருளவிடுங்கள், காலியான நேர் ரோட்டில். நடுக்கம் நின்றுவிட்டால் என்ஜின், கிளட்ச், மவுண்ட் பக்கம் தேடுங்கள். நிற்காமல் தொடர்ந்தால் மெக்கானிக் சொல்வது தப்பு, அது புரொப்பெல்லர் ஷாஃப்ட் அல்லது சக்கரம். எந்தக் கியரிலும் அதே 70-இல் வந்தாலும் அதே முடிவுதான்.

கியர்பாக்ஸ் மாறியதால் ஷாஃப்டை வெட்டி நீளம் மாற்றியிருப்பீர்கள், அதை பேலன்ஸ் செய்தார்களா? அடுத்து கோணம். கியர்பாக்ஸின் வால் எவ்வளவு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதோ, பின் ஆக்சிலின் மூக்கு அதே அளவு மேல்நோக்கி இருக்க வேண்டும், இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள். ஒவ்வொரு கிராஸும் மடங்கும் கோணம் 3 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது, சுத்தமாக 0-வும் ஆகாது, ஊசி பேரிங் சுற்றாமல் ஒரே இடத்தில் தேயும். போனில் கோணம் பார்க்கும் வசதியை வைத்தே அளந்துவிடலாம். ஆக்சிலுக்கும் ஸ்ப்ரிங் பட்டைக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மொத்தம் எவ்வளவு ஆகும், எத்தனை நாள்?

என்ஜின் விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். என் இரண்டு வண்டியிலும் என்ஜினுக்குக் கொடுத்ததைவிட மற்றவற்றுக்குக் கொடுத்தது அதிகம்: மவுண்ட், சம்ப், ரேடியேட்டர், ஷாஃப்ட், ஆக்சில், ஹோஸ், கிளிப், போல்ட், ஆயில், திரும்பத் திரும்ப லேத். முதல் வண்டிக்கு ஒரு மாதம் என்று சொல்லி ஏழு மாதம் ஆனது. இரண்டாவதில் சொந்தக்கார என்ஜின், ஆறு வாரம்.

பழைய என்ஜினை எடுத்துட்டேன், புதுசு செட் ஆகல, ரெண்டு வருஷமா நிக்குது. அப்படியே வித்துடவா?

பழைய என்ஜின் இன்னும் கையில் இருக்கிறதா? இருந்தால் அதைத் திரும்ப ஏற்றுங்கள், இரண்டு வார இறுதி போதும். ஓடுகிற வண்டிக்கு ஒரு விலை, பாதி பிரித்த வண்டிக்கு இரும்பு விலை. புது என்ஜினை ஒயரிங், இசியூ, சாவியோடு தனியாக விற்றால் அதற்கும் ஆள் உண்டு. பழையதை விற்றுவிட்டீர்கள் என்றால், எது தடுக்கிறது என்று ஒரே ஒரு விஷயத்தை எழுதி அனுப்புங்கள், சம்பா, ஒயரா, ஷாஃப்டா. "எதுவுமே செட் ஆகல" என்று அனுப்பினால் நானும் பதில் போட மாட்டேன்.